நீடிக்கும் நாதமும் 30 வினாடிக் கணக்கும்

ஹெவி மெட்டல் என்ற பெயர் காதில் விழுந்தவுடனே, அது சங்கீதமல்ல, இளரத்தத்தின் கூச்சல் என்று தீர்ப்பளித்துவிட்டு அப்பால் நகர்வது, நல்ல ரசனை படைத்த பலரிடத்திலும் காணப்படும் வழக்கம். அந்தத் தீர்ப்புக்கு இடங்கொடுக்கும் ஆல்பங்கள் ஏராளமாக உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், பெருநிறுவனங்களின் விளம்பர வெளிச்சம் படாமல் சிறு இசைத்தட்டு நிறுவனங்களின் ஆதரவில் வளரும் அண்டர்கிரவுண்ட் மெட்டல் இசையிலும், அதன் விளிம்பில் நின்று புதுவழி தேடும் பரிசோதனை இசையிலும் அண்மை ஆண்டுகளில் வெளிவந்த சிறந்த பதிவுகளைச் சிரத்தையோடு கேட்பவருக்கு, ஒரு நாதத்தை அதற்குரிய கால அளவு முழுவதும் நிறுத்திக் காட்டும் துணிவு, இன்றைய ஜனரஞ்சக இசையில் அநேகமாக இங்கேதான் மிஞ்சியிருக்கிறது என்பது விளங்கும்.

இந்த இசையின் கனத்துக்கு ஒரு தொழிலாளியின் கையில் நேர்ந்த ஊனமே முதற்காரணம். பர்மிங்காம் நகரத்துத் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்துவந்த டோனி அயோமி, தம் பதினேழாம் வயதில், அவ்வேலையை விட்டு விலகவிருந்த கடைசி நாளன்று இயந்திரத்தில் சிக்கி, வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கமுடையவராதலால், கிட்டாரின் தந்தியை அழுத்த வேண்டிய கை அதுவே. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்கு உறை செய்து, அதன்மேல் பழைய தோல் சட்டையிலிருந்து வெட்டிய துண்டை ஒட்டி, மெல்லிய தந்திகளைப் பூட்டி, பின்னர் அவற்றின் முறுக்கையும் தளர்த்தி அவர் வாசித்தார். 1971-இல் வெளிவந்த, அவருடைய பிளாக் சாபத் குழுவின் மூன்றாம் ஆல்பத்தில், சுருதி மூன்று அரைச்சுரம் கீழிறங்கி, ஒவ்வொரு அடியும் தரையில் ஊன்றி நடப்பது போன்ற அந்த மந்த்ர ஸ்தாயி நிலைபெற்றுவிட்டது.

பின்வந்தோரில் ஒரு சாரார் வேகத்தை நாடி, நேபாம் டெத் குழு 1987-இல் செய்ததுபோல, ஒரு வினாடியைச் சற்றே தாண்டும் பாட்டுவரை சென்றனர். மற்றொரு சாரார் தாமதத்தையே தத்துவமாகக் கொண்டனர். எர்த் என்ற அமெரிக்கக் குழுவின் 1993-ஆம் ஆண்டு ஆல்பத்தில் மொத்தம் மூன்றே உருப்படிகள். அவற்றின் நீளமோ 73 நிமிஷம். அக்குழுவின் டிலன் கார்ல்சனுக்கு ஆதர்சமாக இருந்தவர்களுள் ஒருவர், நீடித்த சுரங்களையே இசையாக்கிய லா மான்ட் யங். அந்த யங்கும் அவருடைய நண்பர் டெர்ரி ரைலியும், ஹிந்துஸ்தானி இசையில் கிரானா கரானாவைச் சேர்ந்த பாடகர் பண்டித பிராண் நாத் 1970-இல் அமெரிக்கா சென்றபோது அவரிடம் சீடர்களாக அமர்ந்து, தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பதிலிருந்து பாடங்கேட்டவர்கள். காதைப் பிளக்கும் மின்சாரக் கிட்டாருக்கும் தம்புராவுக்கும் இடையே இப்படியொரு உறவுண்டு என்பதை, இவ்விசையை ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவோர் ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாகாதா?

எர்த் குழுவுக்கு அஞ்சலியாகத் தொடங்கிய சன் என்ற குழு, 2019-இல் இரண்டு ஆல்பங்களை வெளியிட்டது. சிகாகோவில் தம் ஸ்டூடியோவை நடத்திவந்தவரும் 2024-இல் காலமானவருமான ஸ்டீவ் அல்பினி, கம்ப்யூட்டரை ஒதுக்கிவிட்டுக் காந்த நாடாவிலேயே பதிவுசெய்தவை அவை. இரண்டாவதாகிய ‘பைரோகிளாஸ்ட்ஸ்’ பிறந்த விதம் மிக விசேஷமானது. முதல் ஆல்பத்துக்கான வேலை நடந்த நாட்களில், காலையில் வேலை தொடங்குமுன்னரோ முடிந்த பின்னரோ, வாத்தியக்காரர் அனைவரும் கூடி, ஒரு சுரத்தை ஆதாரமாக வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பன்னிரண்டு நிமிஷம் மனோதர்மமாக வாசித்திருக்கிறார்கள். நம் வித்வான்கள் விடியற்காலையில் செய்யும் சாதகத்துக்கு ஒப்பான அந்தப் பயிற்சியின் நான்கு நாள் பதிவுகளே அந்த ஆல்பம். ஒவ்வொன்றின் தலைப்பிலும் அதன் ஆதார சுரம் குறிக்கப்பட்டிருக்கிறது. முதல் இரண்டு நிமிஷம் ஒன்றுமே நடவாததுபோல் தோன்றும். அதன்பின், சுருதியில் மிகச் சிறிதே விலகி நிற்கும் இரண்டு தந்திகளின் நாதங்கள் ஒன்றோடொன்று மோதி மெதுவாக விம்மத் தொடங்க, ஒருவரும் வாசிக்காத மேல்சுரங்கள் அந்த விம்மலுக்குள்ளிருந்து தாமே எழுந்து, சற்று நேரம் நின்று, கரைவதைக் கேட்கலாம். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் இது கேட்காது. ஏனெனில் அடிநாதமே அதில் வராது.

நீளம் மட்டுமே மகிமையாகிவிடாது. சன் குழுவைப் பின்பற்றிய பலர் வெறும் இரைச்சலை நீட்டி அலுப்பூட்டியிருக்கிறார்கள். கால அளவுக்குள் ஒரு அமைப்பு வேண்டும். அவ்வமைப்பை அண்மையில் மிகுந்த சாதுரியத்தோடு கட்டிக் காட்டியவர்கள், டென்வர் நகரத்து டெத் மெட்டல் குழுவான பிளட் இன்கன்டேஷன். 2024-இல் வெளிவந்த ‘அப்ஸல்யூட் எல்ஸ்வேர்’ ஆல்பத்தில் இரண்டே நெடும் படைப்புகள். ஒவ்வொன்றும் இருபது நிமிஷத்துக்கு மேற்பட்டது. அடித்தொண்டையின் கர்ஜனையும் இடைவிடாத முரசடியும் உச்சத்தை எட்டும் தறுவாயில், முன்னறிவிப்பின்றித் தாளம் தளர்ந்து, கம்பிகள் தெளிந்து, 1970-களின் ஜெர்மானிய மின்னிசையை நினைவூட்டும் விஸ்தாரமான வெளி ஒன்று திறக்கிறது. அந்த மின்னிசைக்கு மூலவர்களாகிய டான்ஜரின் டிரீம் குழுவை இப்போது வழிநடத்தும் தோர்ஸ்டன் குவேஷ்னிங்கே, பெர்லின் நகரத்து ஹன்ஸா ஸ்டூடியோவில் இவர்களோடு அமர்ந்து வாசித்திருக்கிறார். இரண்டு சம்பிரதாயங்களைத் தைத்த தையல் சிற்சில இடங்களில் வெளியே தெரிகிறது என்பது என் ஒரே குறை. அமைதியிலிருந்து கர்ஜனை திரும்பும் இடமோ, அது எத்தனை நேரம் தடுத்து நிறுத்தப்பட்டிருந்தது என்பதனாலேயே கம்பீரம் பெறுகிறது. நடுவிலிருந்து கேட்பவருக்கு அது கிட்டாது.

இத்தகைய இசைக்கு இன்றைய வியாபார முறை எவ்வளவு பகையாக இருக்கிறது என்பதை யாரும் போதிய அளவு பேசுவதில்லை. ஸ்பாட்டிஃபை போன்ற ஸ்ட்ரீமிங் சேவையில் ஒரு பதிவை 30 வினாடி கேட்டால் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. பன்னிரண்டு நிமிஷம் பொறுமையோடு அமர்ந்து கேட்டாலும் அதே ஒன்றுதான். போதாததற்கு, பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறையேனும் கேட்கப்படாத பதிவுக்குப் பங்குத்தொகையே இல்லை என்ற விதியை ஸ்பாட்டிஃபை 2024 முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. காலத்தைப் பொருளாகக் கொண்ட கலைக்குக் காலத்தை எண்ணாத கணக்கு எப்படி நியாயம் செய்யும்? இசைஞரிடமிருந்தே ரசிகர் விலைக்கு வாங்கிக்கொள்ள வழிசெய்து, டிஜிட்டல் விற்பனையில் நூற்றுக்குப் பதினைந்து மட்டும் எடுத்துக்கொண்ட பேண்ட்கேம்ப் என்னும் சேவையே இவர்களுக்குப் புகலாக இருந்தது. அதுவும் 2022-இல் ஒரு கம்பெனிக்கும், மறு ஆண்டே இன்னொரு கம்பெனிக்கும் கைமாறி, ஊழியரில் ஏறக்குறையப் பாதிப்பேரை இழந்து நிற்கிறது.

சுருக்கமான பாட்டுகளால் கனத்தை எட்டுவோரும் உண்டு. பிச்சர் என்ற ஊரை வாழத் தகாததாக்கிய ஈய, துத்தநாகச் சுரங்கக் கழிவுக் குவியல்களின் பெயரையே தமக்குச் சூட்டிக்கொண்ட ஒக்லஹோமாவின் சாட் பைல் குழு, ‘காட்ஸ் கண்ட்ரி’ ஆல்பத்தில், வீடற்றோர் ஏன் தெருவில் கிடக்க வேண்டும் என்று ஒரு சிறு பாட்டில் கேட்கும் கேள்வியின் உக்கிரம் அப்படிப்பட்டது.

மேற்சொன்ன வியாபார நிர்ப்பந்தத்துக்கு எல்லோரினும் துணிந்து விடை கண்டவர்கள் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரத்து செனியாவா இரட்டையர். வுகிர் சூர்யாடி வாசிப்பது, தடித்த மூங்கிலின் தோலைக் கீறித் தந்தியாக எழுப்பி, உலோகத் தந்திகளையும் உடன் பூட்டித் தாமே செய்துகொண்ட வாத்தியம். வில்லால் இழைக்கவும், மீட்டவும், தட்டவும் இடங்கொடுக்கும் அது, ஆம்ப்ளிஃபயர் வழியே வரும்போது எந்த மெட்டல் கிட்டாருக்கும் இளைத்ததல்ல. ரூலி சபாராவின் குரல் முணுமுணுப்பிலிருந்து ஓலம் வரை ஒரே மூச்சில் ஏறும். 2021-இல் தங்கள் ‘அல்கிசா’ ஆல்பத்தை ஒரே பெருநிறுவனத்திடம் ஒப்படைக்காமல், பல நாடுகளிலுள்ள 44 சிறு நிறுவனங்களுக்கு ஒருசேரக் கொடுத்து, அட்டை ஓவியத்தையும் மறுவடிவங்களையும் அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். ஆகவே அந்த ஆல்பத்துக்கு ஒரே அட்டை என்பது கிடையாது. ஒரு நிறுவனம் மூடினாலும் கைமாறினாலும் மற்றவற்றின் பிரதிகளுக்குப் பாதகமில்லை. இவ்விசையை எங்கே தொடங்குவது என்று விசாரிப்பவருக்கு இந்த ஆல்பத்தைத்தான் முதலில் சொல்வேன். சன் குழுவின் ஆல்பத்தை, காது பழகியபின், அடுத்த மாதம் எடுத்துக்கொள்ளலாம்.