கழற்ற வேண்டியது தமிழை அல்ல

"இந்தக் கொம்பியூட்டர் தன்பாட்டில தமிழுக்கு மாறுது, அந்தத் தமிழ்க் கீபோர்டைக் கழற்றி விடுங்கோ." கம்பஸ் லாப்பில் அடிக்கடி கேட்கிற பேச்சு. பிழை தமிழில் இல்லை, குறுக்குவிசையில்தான்.

விண்டோஸில் வழக்கமாக இடப்பக்க ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்ந்து அழுத்துப்பட்டால் மொழி மாறும். கென்ட்ரோலும் ஷிஃப்ட்டும் என்றால் அதே மொழிக்குள் விசைப்பலகை மாறும். தமிழ் 99இல் அடித்துக்கொண்டிருந்தவர் ஒலிப்பு முறைக்குப் போய்விடுவார். எல்லாம் கிட்டக்கிட்ட இருக்கிற விசைகள். கெதியா அடிக்கேக்க விரல் படத்தான் செய்யும்.

செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லாங்குவேஜ்', 'டைப்பிங்', 'அட்வான்ஸ்ட் கீபோர்ட் செட்டிங்ஸ்', 'இன்புட் லாங்குவேஜ் ஹொட் கீஸ்' என்று போங்கள். 'சேஞ்ச் கீ சீக்குவன்ஸ்' பெட்டியில் இரண்டுக்கும் 'நொட் அசைன்ட்' கொடுங்கள். அவ்வளவுதான். விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் அதற்குப் பிறகும் மொழி மாறும். ஆனால் அது கை தவறிப் படுகிற சோடி இல்லை.

ரெண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் தமிழையே கழற்றினால், அடுத்து அந்தக் கதிரையில் இருப்பவர் தமிழில் அசைன்மென்ட் எழுத பாமினியைத்தான் தேடுவார். பாமினியில் அடித்ததோ அந்த எழுத்துரு இல்லாத போனில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் திறக்கும்.

மூன்று மொழி புழங்கும் நாட்டில் மொழி மாறுவது தொல்லை இல்லை. கேட்காமல் மாறுவதுதான் தொல்லை. அதை மட்டும் நிப்பாட்டுவோம்.