வீதிக்கு அடியிலுள்ள மண்ணின் கணக்கைக் காட்டுக!

வீதி பழுதடைந்தால் நாம் தாரைக் குறை கூறுகிறோம், ஒப்பந்தகாரரை ஏசுகிறோம், பெய்த மழையையும் பழிக்கிறோம். தாருக்கும் கல்லுக்கும் அடியிற் கிடக்கும் மண்ணைப்பற்றி வினவுவார் இல்லை. லொறியின் பாரத்தை ஈற்றிலே தாங்குவது அந்த மண்ணேயாகும். அது நெகிழுமாயின், மேலே எத்துணை உயர்ந்த தாரை ஊற்றினும் வீதி வெடித்தே தீரும்.

மண்ணின் வலுவை ஊகிக்க வேண்டியதில்லை, அளந்தே அறியலாம். 1920ஆம் ஆண்டுகளின் இறுதியில் அமெரிக்காவின் கலிபோர்னிய மாநில நெடுஞ்சாலைப் பகுதியினர் வகுத்த முறை இன்றும் பல நாடுகளிற் கையாளப்படுகிறது. வீதி அமையவுள்ள இடத்து மண்ணை இரும்புக் கலத்தில் இட்டு இறுக்கி, நான்கு நாட்கள் நீரில் ஊறவைப்பர். பின்னர், ஏறத்தாழ 50 மில்லிமீற்றர் விட்டமுள்ள இரும்புத் தண்டொன்றை நிமிடத்துக்கு 1.27 மில்லிமீற்றர் வீதம் அதனுள் அழுத்துவர். தண்டு 2.5 மில்லிமீற்றர் இறங்குவதற்கு வேண்டிய விசையை, நொறுக்கிய நல்ல கல்லில் அதே அளவு இறங்குவதற்கு வேண்டிய விசையுடன் ஒப்பிடுவர். கல்லின் வலுவை 100 எனக் கொண்டால் மண்ணின் வலு எத்தனை என்பதே விடை. ஊறிய களிமண் 2 அல்லது 3 மட்டுமே காட்டக்கூடும். அதன்மேல் இடும் கிறவல் படைக்கு 30 ஆயினும் இருத்தல் வேண்டும் என்பது பொறியியலாளர் வழக்கு. அடிமண்ணின் எண் குறையக் குறைய, மேலிடும் படைகளின் கனம் கூடவேண்டும்.

நான்கு நாட்கள் ஊறவைப்பது ஏன்? இதற்கு விடை கூற எமது கமக்காரருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. முருங்கன் பகுதியின் கருங்களிமண் கோடையிலே பாளம் பாளமாகப் பிளந்து கல்லாய் இறுகும். மாரியிலே வீங்கிக் குழைந்துவிடும். ஆவணி மாதத்து வலுவை நம்பிப் போட்ட வீதி மார்கழி மழைக்கு நில்லாது. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணோ சுண்ணக்கல்லின்மேல் அமைந்தது. அதன் இயல்பு வேறு. இரண்டுக்கும் ஒரே கனத்திற் படையிட்டால், ஓரிடத்திற் பணம் வீணாகும். மற்றோரிடத்தில் வீதி அழியும்.

பாரத்தையும் எண்ணுதல் வேண்டும். அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நிகழ்த்திய பெரும் பரிசோதனையின் முடிவுகளின்படி, அச்சுப் பாரம் இரட்டித்தால் வீதிக்கு விளையும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும். நேற்று உழவு இயந்திரம் ஓடிய வீதியில் இன்று மணல் லொறி ஓடுமாயின், நேற்றைய கணக்குச் செல்லாது.

‘இவ்வெண்கள் பொதுமக்களுக்கு விளங்கமாட்டா’ என்று சிலர் சொல்லக்கூடும். உறுதியின் எல்லைகளை வாசித்துக் காணி வாங்கும் மக்களுக்கு ஓர் எண்ணை வாசிக்கத் தெரியாதா? ‘சோதனைக்குக் காலமும் பணமும் வேண்டுமே’ என்பர் வேறு சிலர். பல ஆண்டுகள் நிற்கவேண்டிய வீதிக்கு நான்கு நாட்கள் பெரிதா? மேலும், 8 கிலோ நிறையுள்ள சம்மட்டியை 575 மில்லிமீற்றர் உயரத்திலிருந்து விழவிட்டுக் கூம்பு முனையை மண்ணில் இறக்கும் எளிய கருவியும் உண்டு. இருவர் மூவர் கூடி வீதியோரத்திலேயே நிலத்தின் வலுவைக் கணிக்கலாம். ஆனால் அது காட்டுவது அன்றைய ஈரத்தில் உள்ள வலுவையே என்பதை மறத்தலாகாது.

சட்டம் எமது பக்கத்தில் நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரசையும் இச்சோதனை அறிக்கையைக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அக்கோரிக்கைமீது தீர்மானம் கூறப்படல் வேண்டும். அச்சட்டத்தின் 9ஆம் பிரிவோ, உள்நாட்டு நிதியில் ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட வேலைத்திட்டம் எதனையும்பற்றித் தம்மிடமுள்ள தகவல்களை, வேலை தொடங்குமுன் மூன்று மாதங்களுக்கு முன்னரே அறிவிக்கும் கடமையை அமைச்சர்மீது சுமத்துகிறது. கேளாத உரிமை ஏட்டிலேயே உறங்கும்.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. வேலைத்தலத்தில் நாட்டும் பெயர்ப்பலகையில் செலவுத் தொகையோடு, ஊறவைத்த மண்ணின் வலுவும் எழுதப்படல் வேண்டும். சோதனை அறிக்கையின் பிரதி பிரதேச செயலகத்தில் எவரும் பார்க்கும்படி இருத்தல் வேண்டும். ஒவ்வொரு படையும் இறுக்கப்பட்டபின் மீண்டும் சோதித்து உறுதிசெய்யாது கொடுப்பனவு வழங்கலாகாது.

தார் ஊற்றியபின் மண்ணைக் காண முடியாது. கேள்வி கேட்கும் காலம் அதற்கு முன்னரே. ஊர்ச் சங்கங்களும் கமக்கார அமைப்புக்களும் இன்றே விண்ணப்பத்தை எழுதுக. நாடா வெட்டும் நாளில் மாலை சூட்டும் கைகள், அதற்குமுன் அறிக்கையைக் கேட்டு நீளட்டும்!