யாருடைய அளவுகோல்?

முதியோரின் மனத்தில் ஆண்மை எவ்வளவு, பெண்மை எவ்வளவு என்று அளக்கவும் ஒரு கோல் உண்டு. 1974 இல் சாண்ட்ரா பெம் வெளியிட்ட 60 பண்புகளின் பட்டியல் அது. எளிதில் முடிவெடுத்தல் ஆண்மையாம், இரக்கம் பெண்மையாம்! வகுத்துக் கொடுத்தோர் அமெரிக்க மாணவர்கள். இரண்டும் ஒருவரிடம் கூடும் என்று காட்டவே பெம் முயன்றார். ஆயினும் துணிவுக்கு ஆணின் பெயரே நிலைத்தது.

அக்கோலை உடுவிலில் வைத்துப் பாருங்கள். சீதனக் காணி மனைவியின் பெயரில். அதை விற்கவோ, கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டுமென்று விதித்தது 1911 ஆம் ஆண்டுச் சட்டம். உரிமையைப் பறித்துவிட்டுக் குணம் குறைவென்று புள்ளியிடுவதா? 1995 ஒக்டோபரில் வலிகாமமே பெயர்ந்தபோது குடும்பத்தைத் தென்மராட்சிக்கு நடத்திச் சென்ற பெண்கள் இன்று மூதாட்டிகள். அவர்தம் துணிவை 'ஆண்மை' என்று எழுதுவதா?

ஆய்வாளரே, காணி யார் கையில், கூலி யார் கையில் என்று முதலில் கேளுங்கள்; குணத்தைப் பின்னர் அளக்கலாம்.