அத்தை கட்டிய வரி

இவ்வாரம் எனக்குக் கோபம். என் மாப்பிள்ளை, நியூ ஜெர்ஸியின் எடிசன் ஊரில் தம் வீட்டு பேஸ்மெண்டில் ஒரு மேஜையைப் போட்டுக்கொண்டு, மான்ஹட்டனிலுள்ள ஒரு கம்பெனிக்கு வேலை பார்த்து வருகிறார். வாரத்தில் முக்கால்வாசி நாள் அவர் ஹட்ஸன் நதியைக் கண்ணால் பார்ப்பதுகூட இல்லை. ஆயினும் வருமான வரிக் கணக்கைப் பொறுத்தவரையில் அந்த பேஸ்மெண்ட் நியூயார்க் மாநிலத்தில் இருப்பதாகவே பாவிக்கப்படுகிறது. முதலாளியின் அவசியத்தை முன்னிட்டன்றித் தன் சௌகரியத்துக்காக ஒருவன் வீட்டில் அமர்ந்து செய்யும் வேலை, நியூயார்க் ஆபீஸில் அமர்ந்து செய்த வேலையாகவே கொள்ளப்படும் என்பது அங்குள்ள விதி. “நியூ ஜெர்ஸி கழித்துக்கொள்கிறது, மாமா, இரண்டு வரி இல்லை” என்று அவர் என்னைச் சமாதானப்படுத்துகிறார். எனக்குச் சமாதானம் ஆகவில்லை.

சம்பளத்தின்மீது வருமான வரி விதிக்கும் அதிகாரம் மத்திய சர்க்கார் ஒன்றுக்கே உள்ள நம் தேசத்தில் இந்த விவகாரத்தின் விசித்திரம் எளிதில் புலப்படாது. அங்கோ 1911-ல் விஸ்கான்ஸின் காட்டிய வழியில் பெரும்பாலான மாநிலங்கள் தத்தம் வரியைத் தனித்தனியே வசூலிக்கின்றன. டெக்ஸாஸ், ஃப்ளாரிடா, டென்னஸி முதலிய சிலவே சம்பளத்தில் கை வைப்பதில்லை. அந்த டென்னஸியில் வசித்துக்கொண்டு, வேலை நேரத்தில் முக்கால் பங்கைத் தம் வீட்டிலேயே கழித்த ஒரு கம்ப்யூட்டர் நிபுணரின் முழுச் சம்பளத்துக்கும் வரி கேட்டது நியூயார்க். அது சரியே என்று 2005-ல் அம்மாநிலத்தின் உச்ச நீதிபதிகள் நால்வர் சொல்ல, மூவர் மறுத்தனர். அதற்கு இரண்டாண்டு முன்னரே அதே கோர்ட்டில் தோற்றவர் எட்வர்ட் ஜெலின்ஸ்கி என்ற பேராசிரியர். கனெக்டிகட்டில் வீடு, நியூயார்க்கில் கல்லூரி. வீட்டில் எழுதிய நாட்களுக்கு இரு மாநிலங்களும் வரி கேட்டன. கொரோனாவில் கல்லூரிக் கதவே அடைபட்டு வீட்டோடு கிடந்த காலத்துக்கும் நியூயார்க் விடவில்லை. மனிதர் மறுபடி வழக்காடினார், மறுபடி தோற்றார். அவர் போதிக்கும் பாடம் வரிச் சட்டம் என்பதை இங்கே சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

இந்த விதியை நியூயார்க்வாசிகள்மீதே திருப்பி ஏவி நியூ ஜெர்ஸி 2023-ல் இயற்றிய சட்டத்தைப் பற்றித்தான், அதுவும் நியூயார்க்கோடு வழக்காடி வெல்லும் தன் பிரஜைக்கு, அவ்வெற்றியால் தனக்கு வந்து சேரும் வரியில் பாதியை விட்டுக்கொடுப்பதாக அது சொல்வதைப் பற்றித்தான், இவ்வாரம் எழுத உத்தேசித்திருந்தேன். ஆனால் இதே தகராறில் நியூ ஹாம்ப்ஷயர் நேராக அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2021-ல் விசாரணையே இன்றித் திருப்பி அனுப்பப்பட்ட கதையைப் படித்தபோது, எதிர்வாதியின் பெயர் மாஸசூஸெட்ஸ் என்றிருந்தது. மாஸசூஸெட்ஸ், வரி என்ற இரு சொற்களையும் ஒரே வரியில் கண்ட பிறகு அம்மாநிலத்து எழுத்தாளர் தோரோவின் பக்கம் போகாமலிருக்க என்னால் ஆகாது. பெருமூச்சு விடும் வாசகர்கள் விடட்டும்.

1846 ஜூலையில், வால்டன் குளக்கரையில் தாமே கட்டிய குடிலில் வாழ்ந்துவந்த தோரோ, செப்பனிடக் கொடுத்திருந்த ஒரு செருப்பை வாங்கக் கான்கார்ட் ஊருக்குள் வந்தார். அடிமை முறைக்குத் துணை போகும் ஓர் அரசுக்குப் பணம் தருவதில்லை என்று சில ஆண்டுகளாகவே அவர் தலைவரியை நிறுத்தி வைத்திருந்தார். அவரைப் பிடித்தவர் சாம் ஸ்டேபிள்ஸ். ஊர்க் காவலரும் அவரே, வரி வசூலிப்பவரும் அவரே, சிறையதிகாரியும் அவரே. கையில் பணமில்லை என்றால் தானே கட்டிவிடுவதாக ஸ்டேபிள்ஸ் சொன்னாராம். தோரோவா கேட்பார்? உள்ளே போனார். அன்றிரவே யாரோ ஒரு பெண்மணி முக்காட்டுடன் வந்து, ஸ்டேபிள்ஸின் மகளிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அப்போதே கைதியை விட்டிருக்கலாம். ஆனால் ஸ்டேபிள்ஸ் பூட்ஸைக் கழற்றிவிட்டிருந்தார், மறுபடி மாட்டிக்கொள்ள மனமில்லை, விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். பிற்காலத்தில் காந்தியடிகள் கைவரை போய்ச் சேர்ந்த தோரோவின் சட்டமறுப்புக் கட்டுரைக்குப் பிறப்பிடமான ஓரிரவுச் சிறைவாசத்தில், ஒரு காவலரின் சோம்பலுக்கும் பங்குண்டு.

இந்த ஸ்டேபிள்ஸை எனக்கு மிகவும் பிடிக்கும். வரி கேட்க வந்தவருக்கு, தராதவனை முகத்தால் தெரியும், குடிலைத் தெரியும், பிடிவாதத்தின் காரணமும் தெரியும். என் மாப்பிள்ளையின் பேஸ்மெண்டை நியூயார்க் பார்த்ததுண்டா? பார்த்திருந்தால், அங்கே கொதிகலனுக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் நடுவே அவர் அமர்ந்திருக்கும் கோலத்தைச் சௌகரியம் என்று எழுத எந்த அதிகாரிக்கும் கை வந்திராது.

காலையில் வெளியே விட்டபோது தோரோவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல என்று ஸ்டேபிள்ஸே சொல்லியிருக்கிறார். நேரே போய்ச் செருப்பை வாங்கி மாட்டிக்கொண்டு, ஹக்கிள்பெரி பறிக்கப் புறப்பட்ட கூட்டத்துக்குத் தலைமை தாங்கிக் குன்றேறிவிட்டார். பணம் கட்டியவள் அவருடைய அத்தை மரியா என்பதே பலரின் ஊகம். கொள்கையைக் குலைத்தாள் என்று அவளைக் குறை சொல்லும் தோரோ பக்தர்கள் உண்டு. நானும் பக்தன்தான், ஆனால் இதில் நான் அத்தை கட்சி. வீட்டுப் பிள்ளை சிறையில் கிடக்க எந்த அத்தைக்கு உறக்கம் வரும்?