உப்பை நினைத்து வாங்குங்கள்

திருக்கேதீச்சரத்திலே பிரதோஷ தரிசனம் முடித்துப் பாலாவிக் கரையில் சற்று இளைப்பாறிக்கொண்டிருந்தேன். என்னிடம் முன்னர்ப் படித்த மாணவன் ஒருவன் வந்து வணங்கி நின்றான். கொழும்பிலே உத்தியோகம் கிடைத்து, முதல் விடுமுறைக்கு ஊர் வந்தவன். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான்.

"ஐயா, இறகினாற் செய்த ஈயைக் கட்டிக் கடலிலே தூண்டில் வீசப் பழக ஆசை. வேண்டிய பொருள்களை எழுதியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்."

தீர்த்தக் கரையிலிருந்து மீன்பிடியைப் பேசுவது பொருந்தாது என்று எழுந்து வீதிக்கு வந்தோம். தாளைக் கூட்டிப் பார்த்தேன். ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் அதில் அடங்கியிருந்தது. அச்சம்பளத்தை எதிர்பார்த்து வீட்டிலே இரண்டு தங்கையர் படிக்கின்றனர் என்பதையும் நான் அறிவேன். ஆகவே, எது வேண்டும் என்பதைவிட எது வேண்டாம் என்று சொல்வதே என் கடமையாயிற்று. அன்று அவனுக்குச் சொன்னது பிறருக்கும் பயன்படலாமென இங்கே எழுதுகிறேன்.

நம் கைத்தூண்டிலில் ஈயக்குண்டு முன்னே பறக்கிறது. நூல் அதன் பின்னே இழுபட்டுச் செல்கிறது. ஈத்தூண்டிலிலோ இறகுக்கு எடையே இல்லை. நூல்தான் தன் எடையால் இறகைச் சுமந்து செல்லவேண்டும். ஆதலால் முதலிற் கவனிக்கவேண்டியது நூலே. அதன் முதல் 30 அடியின் எடையைக் கொண்டு இலக்கம் இடுகிறார்கள். ஐந்தாம் இலக்க நூலில் அப்பகுதி சுமார் 9 கிராம். எட்டாம் இலக்கத்தில் சுமார் 13½ கிராம். கோலின் இலக்கமும் நூலின் இலக்கமும் ஒத்திருத்தல் வேண்டும்.

இந்த வித்தையை இலங்கைக்குக் கொணர்ந்தவர் ஆங்கிலேயர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நுவரெலியா ஓடைகளிலே டிரௌட் மீனை வளர்த்து, மெல்லிய கோலால் பிடித்தனர். அத்தகைய மலைநாட்டுக் கோல் ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் நண்பரிடம் இரவல் வாங்கி, மன்னாருக்குக் கொண்டுவந்த பேதைமை என்னுடையது. சோழகக் காற்று நூலைச் சுருட்டி என் தோளிலேயே எறிந்தது. மாலையிலே கோலையும் உருளையையும் அப்படியே மூலையிற் சாத்திவிட்டேன். ஒரு வாரத்தின் பின் எடுத்துப் பார்த்தால், உருளை சுழல மறுத்தது. உப்பு அதைத் தின்றிருந்தது. நண்பருக்குப் புதிய உருளை வாங்கிக் கொடுத்தேன். பாடத்துக்குக் கட்டிய சம்பளம் அது.

நம் கரையின் காற்றைப் பற்றி ஐயமிருப்போர் மன்னார்த் தீவின் தென்கரையைப் பார்க்கட்டும். 2020ஆம் ஆண்டு இறுதியில் திறக்கப்பட்ட தம்பபவனி மின்நிலையத்தின் 30 காற்றாடிகள் அங்கே சாட்சி நிற்கின்றன. இக்காற்றை ஊடுருவ 9 அடி நீளமுள்ள எட்டாம் இலக்கக் கோல் வேண்டும். பாரைக்கும் கொடுவாவுக்கும் தொடக்கக்காரருக்கு அதுவே போதும். நூல் வாங்கும்போது வெப்பநாட்டுக் கடலுக்கென்று செய்ததா எனக் கேளுங்கள். குளிர்நாட்டு நூல் நம் வெயிலிலே துவண்டு ஒட்டும்.

அடுத்தது உருளை. ஓடை மீனுக்கு அது நூல் சுற்றும் பெட்டி மாத்திரமே. கடல் மீனோ தூண்டில் பட்டதும் நெடுந்தூரம் ஓடும். அதை மெல்லத் தடுக்கும் பிரேக் வேண்டும். உப்புநீர் உட்புகாதபடி அந்தப் பிரேக் மூடப்பட்டிருத்தல் நன்று. வீசு நூலின் பின்னே, 20 இறாத்தல் தாங்கும் மெல்லிய நூலை 150 யார் சுற்றிக்கொள்க. முன்னே 9 அடித் தங்கூசி, 16 இறாத்தல் தாங்குவது. சீலா திரியும் இடமானால் அதன் பல்லுக்குத் தப்ப, முனையில் ஒரு சாண் கம்பி.

இறகுகளில் இரண்டு வகை போதும். அமெரிக்காவின் பாப் கிளௌசர் என்பவர் 1987இல் ஆற்றுமீனுக்கெனக் கட்டிய குஞ்சுமீன் வடிவம் ஒன்று. இறால் வடிவம் மற்றது. கிளௌசரின் இறகில் கனமான கண்கள் இருப்பதால் முள்முனை மேல்நோக்கி நிற்கும். அடிப்புல்லிற் சிக்குவது குறைவு. முள்ளின் எதிர்ச்செதிளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். வேண்டாத மீனை நோவின்றி விடலாம். விரலிற் குத்தினாலும் எளிதிற் கழற்றலாம்.

மாணவனின் தாளில் இல்லாத மூன்றையும் சேர்த்தேன்: கண்ணைக் காக்கும் கண்ணாடி, தடித்த சப்பாத்து, ஒரு வாளி. ஆழமற்ற சேற்றிலே திருக்கை புதைந்து கிடக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் அது விலகிப் போகும். வாளியின் பயனைப் பின்னர் சொல்கிறேன்.

இடத்தைத் தெரிவதிலும் நிதானம் வேண்டும். பாலத்தை அண்டிய வங்காலைப் பகுதி 2008இல் சரணாலயமாகி, 2010இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. வனஜீவராசிகள், கடற்றொழில் திணைக்களங்களைக் கேட்டறியாமல் எங்கும் இறங்காதீர்கள். களங்கண்டிக்கு அருகேயும் வீசலாகாது. நமக்கு அது பொழுதுபோக்கு. அதை நட்டவனுக்கு அன்றைய சோறு.

மறுநாட் காலை அவனைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றேன். வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் தாளைப் பற்றிக் கேட்டுச் சிரித்தார்.

"தம்பி, மீன் கோலின் விலையைப் பார்த்துக் கடிக்கிறதில்லை. தண்ணீர் எப்போது பெருகும், எங்கே வற்றும் என்று ஒரு மாதம் பார். பிறகு வாங்கு."

நான் ஒரு மணி நேரம் சொன்னதைவிட அது பெரிய உபதேசம். மாணவன் தாளிலே கோல், நூல், உருளை, தங்கூசி, ஆறு இறகுகளை மட்டும் வைத்து ஏனையவற்றை அடித்தான். செலவு பாதியாயிற்று. அதையும் அடுத்த விடுமுறைக்கு ஒத்திவைத்து, இப்போதைக்குக் கைத்தூண்டிலோடு கடலைப் படிக்கப் போவதாகச் சொன்னான்.

இனி அந்த வாளி. கரையேறியவுடன் கோல், உருளை, முள் அனைத்தையும் அதிலுள்ள நன்னீரிற் கழுவித் துடைத்து, நிழலிலே உலர்த்துங்கள். தண்ணீர் அருமையான இந்த ஊரிலும் ஒரு வாளிக்குப் பஞ்சமில்லை. விலையுயர்ந்த உருளை கழுவாவிட்டால் ஒரு மாதம். எளிய உருளை கழுவினால் பல ஆண்டு. கடலுக்கு வாங்குகிறவன் மீனை நினைக்குமுன் உப்பை நினைக்கட்டும்.