ஏட்டில் இல்லாத கடைக்கு உதவி ஏது?



2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மளிகைக் கடைகளைத் திறக்க அனுமதி இருந்தது. ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டை நம்பிய கடைகளில் கல்லா நிறையவில்லை. ஆலைகள் நின்றன. வடமாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குப் புறப்பட்டார்கள். அவர்கள் பேரில் எழுதிய பற்று நோட்டிலேயே தங்கிவிட்டது. கடைக்காரருக்கு வரவேண்டியது வராததால், சரக்குக் கொடுத்த மொத்த வியாபாரிகளான நமது பாக்கியும் நின்றது.

அந்த மே மாதம் மத்திய அரசு 3 லட்சம் கோடி ரூபாய்க்கு அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தை அறிவித்தது. சொத்து ஈடு தேவையில்லை. ஆனால் 2020 பிப்ரவரி 29 அன்று வங்கியில் இருந்த கடன் நிலுவையில் 20 சதவீதம்தான் கொடுத்தார்கள். சொந்த முதலிலும் கைமாற்றிலும் கடை நடத்தியவருக்கு நிலுவையே கிடையாது, உதவியும் கிடையாது. நாணயமாகக் கடனின்றி இருந்ததற்கு இதுவா பரிசு? கேள்வி நியாயமானது. என்றாலும், ஏட்டில் இல்லாத கடை அரசின் கண்ணில் படாது.

2021 ஜூலை 2 முதல் சில்லறை, மொத்த வியாபாரிகளும் உத்யம் பதிவு பெறலாம். கட்டணம் இல்லை. வாசலில் ஒட்டிய க்யூஆர் அட்டையும் நமது தினசரி விற்பனைக்குச் சாட்சி. பணம் கடையின் நடப்புக் கணக்கில் சேர வேண்டும். மகன் பேரில் உள்ள சேமிப்புக் கணக்கில் சேர்ந்தால் அந்தச் சாட்சி நமக்கு உதவாது.

2025 ஜூலையில் பெங்களூரில் யுபிஐ வரவை வைத்துச் சிறு கடைகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போனதும், பலர் ‘ரொக்கம் மட்டும்’ என எழுதி வைத்தார்கள். அந்தப் பயத்துக்கு மருந்து ஒழுங்கான கணக்கே. சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை; அதற்கு மேல் 1.5 கோடி வரை 1 சதவீத காம்போசிஷன் முறை உண்டு.

ரொக்கத்தைக் கைவிடச் சொல்லவில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மின்சாரமும் செல்போனும் நின்ற இடங்களில் ரொக்கம்தான் கைகொடுத்தது.

அரசுக்கு நமது கோரிக்கை இரண்டு. வணிகருக்கு உத்யம் பதிவு முன்னுரிமைக் கடனுக்கு மட்டுமே என்ற வரம்பை நீக்க வேண்டும். பேரிடர்க் கடனுக்குப் பழைய நிலுவையை விட்டு, ஓராண்டு விற்பனை வரவை அளவாகக் கொள்ள வேண்டும்.

நமது சங்கமோ கிளைதோறும் பதிவு முகாம் நடத்தட்டும். அடுத்த புயலுக்கு முன் நம் கடைகள் ஏட்டில் ஏறட்டும்.