கண்ணாடி வீடும் லயக் காம்பராவும்

ஒல்லாந்தர் என்றால் நம் பிள்ளைகளுக்குக் கோட்டையும் கறுவாவும்தான் ஞாபகம் வரும். 1658 முதல் 1796 வரை இலங்கையின் கரையோரத்தை வைத்திருந்து கறுவாவை ஏற்றிக்கொண்டு போனவர்கள் என்று வரலாற்றுப் புத்தகத்தில் படிக்கிறார்கள். அந்த நாட்டின் பெயர் இப்போது வேறோர் இடத்திலும் கேட்கிறது. சம்பளப் பேச்சு தொடங்கினால் போதும், "உற்பத்தித் திறனைக் கூட்டுங்கள், நெதர்லாந்தைப் பாருங்கள்" என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார். சரி, பார்த்துவிடுவோம்.

நெதர்லாந்து இலங்கையை விடச் சிறிய நாடு. நிலத்தில் ஏறத்தாழக் காற்பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. அப்படியிருந்தும் வருடத்துக்கு 100 பில்லியன் யூரோவுக்கு மேல் விவசாயப் பொருள் ஏற்றுமதி செய்கிறது. அதில் ஒரு பங்கு, வேறு நாடுகளிலிருந்து வாங்கி மறுபடி விற்பது. இதைப் புகழ்பவர்கள் அந்தப் பங்கைப் பற்றிப் பேசுவதில்லை.

அந்த நிலமே மனிதர் உண்டாக்கியது. அம்ஸ்டர்டாமுக்கு வடக்கே பீம்ஸ்டர் என்று ஓர் ஏரி இருந்தது. காற்றாலைகளை வரிசையாக நிறுத்தித் தண்ணீரை இறைத்து 1612இல் அதை வயலாக்கினார்கள். பணம் போட்டவர்கள் அம்ஸ்டர்டாம் வியாபாரிகள். பிற்பாடு நம் தீவின் கறுவாவை அள்ளிய அதே கிழக்கிந்தியக் கம்பனியைத் தொடங்கியவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

எனக்குப் பிடித்த பகுதி அதற்குப் பிறகு வருவது. 1880களில் அமெரிக்காவிலிருந்து மலிவுக் கோதுமை ஐரோப்பாவுக்குள் வந்து குவிந்தது. ஜெர்மனியும் பிரான்சும் வரி போட்டுத் தடுத்தன. நெதர்லாந்து அப்படிச் செய்யவில்லை. தானியம் விதைத்த பலர் பாலுக்கும் மரக்கறிக்கும் மாறினார்கள். பாலிலும் ஒரு தொல்லை இருந்தது. வியாபாரிகள் வெண்ணெயில் மாஜரீனைக் கலந்து விற்றதால் இங்கிலாந்துச் சந்தையில் பெயர் கெட்டது, அடி விழுந்தது விவசாயிக்கு. 1886இல் ஃபிரீஸ்லாந்தில் வார்கா என்ற ஊரின் விவசாயிகள் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு கூட்டுறவு வெண்ணெய்த் தொழிற்சாலை தொடங்கினார்கள். அடுத்த வருடம் வட ஹொலாந்தில் ஒரு கிராமத்தில் பூக்கோவாவைப் படகில் ஏற்றிவந்து ஏலம் விட்டார்கள். அங்கே விலையை மேலேயிருந்து கீழே இறக்குவார்கள், முதலில் நிறுத்துபவருக்குச் சரக்கு. நாளடைவில் பயிர் செய்தவர்களே ஏலச் சங்கங்களின் சொந்தக்காரர்களானார்கள். இன்றும் அங்குள்ள பெரிய பூ ஏலம் பூ வளர்ப்பவர்களின் கூட்டுறவுதான்.

கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது 1883இல். அவர்களுக்கு நான்கு வருடம் முந்தியே நமது ஏலம் பிறந்துவிட்டது. நாம் பறித்த கொழுந்து அங்கே என்ன விலைக்குப் போகிறது என்று கேட்கும் நாற்காலி 140 வருடமாகியும் நமக்குக் கிடைக்கவில்லை. உற்பத்தித் திறன் பற்றிப் பேசுபவர்கள் நெதர்லாந்தின் இந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவதே இல்லை.

அதற்காக அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நினைத்துவிடக் கூடாது. 1944–45 பனிக்காலத்தில், ஜெர்மன் ஆக்கிரமிப்பின் கீழ், சுமார் 20,000 பேர் பட்டினியால் செத்தார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகு விவசாய அமைச்சரான சிக்கோ மன்ஷோல்ட், இனி உணவுக்குப் பஞ்சம் வரக்கூடாது என்ற நோக்கில் துண்டு நிலங்களைச் சேர்த்தார், இயந்திரங்களைக் கொண்டுவந்தார். விளைச்சல் ஏறியது, விவசாயிகள் குறைந்தார்கள். 1950இல் 4 இலட்சத்துக்கு மேல் இருந்த பண்ணைகள் இன்று சுமார் 50 ஆயிரம். மிஞ்சியவர்கள் கடன் வாங்கிப் பெரிதாக்கினார்கள். கடன் கொடுத்ததில் முன்னணியில் நின்றது, விவசாயிகளே கூட்டுறவாகக் கட்டிய வங்கி. கூட்டுறவு என்று பெயர் இருந்தாலும் கணக்கைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். நம் சங்கத்துக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

இவ்வளவு சின்ன நாட்டில் சுமார் 1 கோடி பன்றிகள், 35 இலட்சத்துக்கு மேல் மாடுகள். தீவனத்துக்கான சோயா தென் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது, சாணமோ அங்கேயே தங்கிவிடுகிறது. அதிலிருந்து கிளம்பும் அமோனியா காட்டிலும் புல்வெளியிலும் படிந்து மண்ணைப் புளிக்க வைக்கிறது. பின்னால் குறைத்துக்கொள்கிறோம் என்ற வாக்குறுதியை நம்பி இப்போது அனுமதி கொடுக்க முடியாது என்று 2019 மே மாதம் உயர் நிர்வாக நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2030க்குள் இந்த நைதரசன் வெளியேற்றத்தைப் பாதியாக்கும் திட்டத்தை 2022இல் அரசாங்கம் முன்வைத்ததும் உழவு இயந்திரங்கள் வீதியை மறித்தன. 2023 மாகாணத் தேர்தலில் விவசாயிகளின் புதுக் கட்சி எல்லோரையும் முந்தியது. பெரிதாக்கச் சொன்னவர்களே இப்போது மூடச் சொல்கிறார்கள் என்ற கோபம் எனக்குப் புரிகிறது. 2021 உரத்தடையை நாம் மறந்துவிடவில்லையே. மேலே ஒருவர் ஒரே இரவில் முடிவெடுத்தார், கீழே மலையில் கொழுந்து குறைந்தது. மண் கெட்டது என்பது அங்கே உண்மைதான். ஆனால் திருத்தும் செலவை யார் தலையில் வைப்பது என்பதில்தான் சண்டை.

இந்தச் சண்டையில் குரலே கேட்காத ஒரு கூட்டம் இருக்கிறது. வெஸ்ட்லாந்து என்ற பகுதியில் கண்ணுக்கெட்டிய தூரம் கண்ணாடி வீடுகள். உள்ளே தக்காளி, மிளகாய், பூ. பறித்து அடுக்குபவர்களில் பெரும்பாலோர் போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் முகவர் கம்பனிகள் மூலம் வந்தவர்கள். 2024 தொடக்கத்தில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13 யூரோவுக்கு மேல். நமக்கு அது கனவுச் சம்பளம். ஆனால் பலருக்கு வேலை கொடுத்த முகவரே கட்டிலையும் கொடுக்கிறார். குறைந்தபட்சச் சம்பளத்தில் 25 சதவீதம் வரை தங்குமிடத்துக்குக் கழிக்கச் சட்டமே இடம் கொடுத்திருந்தது. வேலை போனால் கட்டிலும் போகும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வர வேண்டியதுதான். கொரோனா காலத்தில் இது ஊருக்கே தெரிந்தது. எமில் ரூமர் தலைமையில் அரசாங்கம் அமைத்த குழு, வேலை ஒப்பந்தத்தையும் வீட்டு ஒப்பந்தத்தையும் பிரிக்க வேண்டும் என்று 2020இல் சொன்னது. 2023 ஜூலையில் வந்த சட்டம் இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும் என்றாக்கியது.

இதை வாசித்தபோது எனக்கு நம் லயம்தான் தெரிந்தது. காம்பராவைக் காப்பாற்றுவதற்காகவே வீட்டில் ஒருவர் தோட்டத்தில் பேர் பதிந்து வைத்திருக்கும் குடும்பங்கள் எத்தனை! கொழும்பில் வேலை கிடைத்த பிள்ளையைக்கூட அனுப்ப யோசிக்கிறோம்.

நம் தலைவர்மாரில் சிலர், முதலில் சம்பளம், காணி உறுதி பிறகு என்கிறார்கள். அடுப்பெரியச் சம்பளம் வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் மணிக்கு 13 யூரோ வாங்குபவனும் கட்டிலுக்காக வாய்மூடி இருக்கிறானே. அடுத்த கோரிக்கைக் கடிதத்தில் சம்பளமும் 7 பேர்ச் காணிக்கான உறுதியும் ஒரே தாளில், ஒரே இலக்கத்தின் கீழ் எழுதப்பட வேண்டும். இந்த மாதக் கிளைக் கூட்டத்தில் இதைப் பிரேரணையாகக் கொண்டுவரப் போகிறேன். மறுப்பவர்களும் வாருங்கள், பேசுவோம்.